வைஃபை பாஸ்வேர்டு எடுத்துத் தர 120 வெள்ளி: கைப்பேசிக் கடைக்குப் போகும் முன் படியுங்கள்

உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் வைஃபை பாஸ்வேர்டைப் பார்க்க யாருக்கும் ஒரு சென்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. போனிலேயே பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. இது தெரியாத என் அத்தையிடம் கோலாலம்பூரில் ஒரு கைப்பேசிக் கடை 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டது. பணம் மட்டும் போயிருந்தால் வீட்டுக்குள் பேசி ஆறியிருப்போம். போனைத் திறக்கும் பின் (PIN) எண்ணை எழுதி வாங்கி, போனை உள்ளே கொண்டுபோய், அத்தை கேட்காத ஒரு செயலியையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அத்தை செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். புது டிவி வாங்கினார். டிவி வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. முன்பு அதை மாற்றி வைத்தது அத்தையின் மகன், அவனுக்கும் இப்போது நினைவில்லை. ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய பாஸ்வேர்டு எடுபடவில்லை. ஆனால் அத்தையின் போன் மட்டும் அதே வைஃபையில் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு போனுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. போன் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று, பட்டணத்துக்குப் போனபோது ஒரு கடைத்தொகுதியில் ஏறி விசாரித்திருக்கிறார்.

கடையில் இருந்த பையன் தமிழ்ப் பையன்தான். “ஆண்ட்டி, பாஸ்வேர்டு போனுக்குள்ளே லாக் ஆகிக் கிடக்கு. ஸ்பெஷல் சாஃப்ட்வேர் போட்டுத்தான் உடைக்கணும், 120 வெள்ளி ஆகும். இல்லேன்னா ரூட்டரையே ரீசெட் பண்ணணும், அதுக்கு வீட்டுக்கு ஆள் வரணும், 250 வெள்ளி” என்று சொல்லியிருக்கிறான். 250-ஐக் கேட்டதும் 120 குறைவாகத் தெரிந்திருக்கிறது. ஒரு தாளை நீட்டி பின் எண்ணை எழுதச் சொல்லியிருக்கிறான். அத்தை எழுதிக் கொடுத்தார். போன் உள்ளே போனது. ஒரு மணி நேரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். திரும்பி வந்தபோது ஒரு துண்டுத் தாளில் பாஸ்வேர்டு, ரெசிட்டில் ‘சாஃப்ட்வேர் சர்விஸ்’ என்று ஒரே ஒரு வரி.

பாஸ்வேர்டு சரியாகவே இருந்தது, டிவியும் ஓடியது. அதனால் அத்தை யாரிடமும் சொல்லவில்லை. போனைத் திறக்கும்போதெல்லாம் திரை முழுக்க விளம்பரம் வர ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்.

நான் முதலில் பார்த்தது கேலரியை. அதில் ஒரு கியூஆர் குறியீட்டின் படம் சேமிக்கப்பட்டிருந்தது. அத்தையின் போன் சாம்சுங். அந்தப் போனில் வைஃபை அமைப்பைத் திறந்து, கியூஆர் குறியீட்டைப் படமாகச் சேமித்தால் இப்படித்தான் கேலரியில் வந்து உட்காரும். படத்தின் நேரத்தைப் பார்த்தேன். போன் கடைக்குள் போன ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தது. ரெசிட்டில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டால் யாருக்கும் புரியும். எந்தச் சாஃப்ட்வேரும் எதையும் உடைக்கவில்லை. பின் எண்ணைப் போட்டு, கியூஆரைத் திறந்து, இன்னொரு போனில் படித்து, தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மீதி நேரத்துக்குப் போன் உள்ளே எதற்கு இருந்தது என்ற கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை.

அந்தப் பையன் செய்ததை நீங்களே எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரிந்திருந்தால் கடைப் பக்கமே போக வேண்டாம்.

ஆண்ட்ராய்டு 10 வந்த 2019-லிருந்து இந்த வசதி போனிலேயே இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் வைஃபையைத் திறங்கள். இணைந்திருக்கும் வைஃபையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சக்கரக் குறி இருக்கும், அதைத் தொடுங்கள். பகிர் என்றோ கியூஆர் என்றோ ஒரு பொத்தான் தெரியும். அதைத் தொட்டால் போன் உங்கள் விரல்ரேகையையோ பின் எண்ணையோ கேட்கும். கொடுத்ததும் கியூஆர் வரும். பல போன்களில் அதற்குக் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு தயாரிப்பிலும் பொத்தானின் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். சில சாம்சுங் போன்களில் கியூஆர் மட்டும்தான் வரும், எழுத்து வராது. அப்போது அதைப் படமாகச் சேமித்து கூகுள் லென்ஸில் திறந்தால் பாஸ்வேர்டைப் படிக்கலாம். இன்னொரு போனை இணைப்பதுதான் நோக்கம் என்றால் அதுகூட வேண்டாம்; அந்தப் போனின் கேமராவைக் கியூஆருக்கு நேரே காட்டினால் போதும். டிவிக்குக் கேமரா இல்லாததால்தான் அத்தைக்கு எழுத்து தேவைப்பட்டது.

ஐபோனில் இன்னும் சுலபம். 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், அமைப்புகளில் வைஃபைக்குள் போய், பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்துக்குள் இருக்கும் ‘ஐ’ குறியைத் தொட்டால் பாஸ்வேர்டு வரி புள்ளிகளாகத் தெரியும். அதைத் தொட்டு முகத்தையோ விரலையோ காட்டினால் எழுத்தாக மாறும். வேறு வீட்டில், பழைய அலுவலகத்தில் முன்பு இணைந்த வைஃபை வேண்டுமென்றால், வைஃபை பக்கத்தின் மேலே உள்ள திருத்து பொத்தானில் பழைய பட்டியல் முழுவதும் இருக்கும். ஐஓஎஸ் 18-இல் பாஸ்வேர்டுகளுக்கென்று தனிச் செயலியே கொடுத்துவிட்டார்கள், அதில் வைஃபைக்கு ஒரு பிரிவு உண்டு.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கும் முந்தைய போன் என்றால் பெரும்பாலும் இந்த வழி கிடையாது. அங்கேதான் இவர்கள் நன்றாக ஏமாற்றுவார்கள். பழைய போனில் பாஸ்வேர்டு இருக்கும் கோப்பு, போனை ரூட் செய்யாமல், அதாவது அமைப்பின் பூட்டை உடைத்து முழு உரிமை எடுக்காமல், எந்தச் செயலிக்கும் திறக்காது. ரூட் செய்தால் போனின் பாதுகாப்பே தளர்ந்துபோகும். ஒரு வைஃபை பாஸ்வேர்டுக்காக அதைச் செய்ய வேண்டாம். வீட்டில் அதே வைஃபையில் ஓடும் விண்டோஸ் மடிக்கணினி இருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்த வைஃபையின் பாதுகாப்புப் பக்கத்தில் எழுத்துகளைக் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால், இணைந்திருக்கும் போனின் பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் தட்டி உள்ளே போகலாம். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும், ரூட்டரின் அடியிலேயே அச்சடித்திருப்பார்கள்.

ரீசெட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமுறுத்தல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரூட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தினால் பழைய ஒட்டுத்தாள் பாஸ்வேர்டு திரும்ப வரும், உண்மைதான். ஆனால் பல வீடுகளில் இணையச் சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ரூட்டருக்குள் பதிந்திருக்கும். ரீசெட் அதையும் அழித்துவிடலாம். அப்புறம் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. அதைச் சரிசெய்ய இன்னொரு முறை பணம் கேட்பார்கள். ரீசெட் தவிர வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தால், முதலில் உங்கள் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து அந்த விவரங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் செயலி. பெயரிலேயே வைஃபை பாஸ்வேர்டு என்று இருந்தது. அத்தையின் போனில் அது பிளே ஸ்டோரிலிருந்து வரவில்லை; ஏபிகே என்ற நிறுவல் கோப்பாக நேரடியாக ஏற்றப்பட்டிருந்தது. தெரியாத இடத்திலிருந்து நிறுவும் அனுமதியும் திறந்தபடியே கிடந்தது. தொடர்புகள், இருப்பிடம், எஸ்எம்எஸ், மற்ற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி, எல்லாம் கொடுக்கப்பட்டிருந்தன. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: ரூட் செய்யாத ஆண்ட்ராய்டு போனில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டைச் சாதாரணமாக எந்த வெளிச் செயலியாலும் படிக்க முடியாது. போனின் அமைப்பே அதை மறைத்துவிடும். எனவே அப்படிக் காட்டுவதாகச் சொல்லும் செயலி செய்வது வேறு ஏதோ வேலை. சிலது விளம்பரம் காட்டிப் பிழைக்கும். சிலது நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை எடுத்து, ஊர் முழுக்கப் பார்க்கும் பட்டியலில் சேர்க்கும். எஸ்எம்எஸ் அனுமதி கேட்பது எனக்கு அதைவிடப் பெரிய கவலை. போலிச் செயலிகள் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி எண்ணைத் திருடிப் பலருடைய கணக்கைக் காலி செய்திருக்கின்றன. வங்கிகள் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டு விலக வேண்டும் என்று மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் அறிவித்ததற்குப் பின்னணியே இப்படிப்பட்ட மோசடிகள்தான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது அந்தத் தாளில் எழுதி வாங்கிய பின் எண். வைஃபை பாஸ்வேர்டைப் பார்க்க பின் எண் தேவை என்பது உண்மை. அதனால்தான் அதைப் போன்காரர்தான் தட்ட வேண்டும், அதுவும் போனைத் தன் கையில் வைத்துக்கொண்டு. பின் எண்ணும் போனும் சேர்ந்து ஒருவரிடம் இருந்தால் அவர் தன் விரல்ரேகையைப் புதிதாகச் சேர்க்கலாம், கூகுளில் சேமித்த மற்ற பாஸ்வேர்டுகளைப் படிக்கலாம், வாட்ஸ்அப்பை இன்னொரு கணினியில் இணைக்கலாம். வீட்டுச் சாவிக்கொத்தையே கழற்றிக் கொடுத்த மாதிரி. அத்தைக்கு வங்கி அட்டையின் பின் எண்ணும் அதே ஆறு இலக்கம்தான். பெரியவர்கள் பலர் ஒரே எண்ணைத்தான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள்; கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அன்று இரவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விரல்ரேகைப் பட்டியலில் அத்தையுடையது மட்டும் இருந்தது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியில் ஒன்றும் இல்லை. கூகுள் கணக்கில் தெரியாத சாதனம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. செயலியை நீக்கப் போனால் நீக்க விடவில்லை. சாதன நிர்வாகி என்ற உரிமையை அதற்குக் கொடுத்திருந்தார்கள். முதலில் அதை அமைப்புகளில் எடுத்துவிட்டு, அணுகல்தன்மைப் பகுதியிலும் அது இல்லை என்று உறுதிசெய்து, அப்புறம்தான் நீக்க முடிந்தது. பிளே ஸ்டோரில் உள்ள பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்புச் சோதனையும் ஓட்டினோம். போன் பின் எண், வங்கி அட்டையின் பின் எண், கூகுள் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு நான்கையும் மாற்றினோம். வைஃபையை ஏன் மாற்ற வேண்டும் என்று அத்தை கேட்டார். அந்தக் கியூஆர் படத்தில் பெயரும் பாஸ்வேர்டும் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே இருக்கின்றன. யாரிடம் படம் இருக்கிறதோ அவரிடம் பாஸ்வேர்டும் இருக்கிறது என்றேன்.

உங்களுக்கு இப்படி நடந்து வங்கிக் கணக்கிலிருந்து பணமும் நகர்ந்திருந்தால் யோசிக்காமல் 997-க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். வங்கியையும் உடனே அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்; இங்குள்ள வங்கிச் செயலிகளில் கில் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினால் நீங்களே முடக்கலாம்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அதே பையன். கேலரிப் படத்தைக் காட்டி, “தம்பி, இதில் எந்தச் சாஃப்ட்வேர் உடைச்சது?” என்று கேட்டேன். “பாஸ், நாங்க நேரம் செலவழிச்சிருக்கோம்ல, சர்விஸ் சார்ஜ்தானே” என்றான். நேரத்துக்குக் கூலி என்று முதலிலேயே சொல்லி பத்து வெள்ளி கேட்டிருந்தால் அத்தை சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். இல்லாத சாஃப்ட்வேரைச் சொல்லித்தானே வாங்கினீர்கள் என்றேன். முதலாளி வந்தார். கொடுத்த பணம் திரும்பாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். கொஞ்சம் பேச்சு முற்றியதும் 50 வெள்ளி தருகிறேன், இதோடு விட்டுவிடுங்கள் என்றார். அத்தை வாங்கவில்லை. “என்கிட்ட பொய் சொன்னதுக்கு என்ன பதில்?” என்று மட்டும் கேட்டார். பதில் வரவில்லை.

சுவரில் தாள் ஒட்டினால் சட்டம் மாறாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். பொய்யான விளக்கம் சொல்லிச் சேவையை விற்கக் கூடாது, செய்யும் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், நம் வழக்கை நாமே பேசலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் மன்றம் இது, இணையத்திலும் பதியலாம். எழுத வராது என்று தயங்குபவர்கள் பினாங்கில் இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

அத்தையின் பெயரில் மன்றத்தின் மனுப் படிவமான பாரம் 1-ஐப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டோம். ரெசிட், கேலரிப் படத்தின் நேரம், செயலிக்குக் கொடுக்கப்பட்டிருந்த அனுமதிகளின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறோம். செயலியை நீக்குவதற்கு முன்பே அந்தப் படங்களை எடுத்து வைத்தது நல்லதாயிற்று. இதே மாதிரி உங்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோ பணம் வாங்கியிருந்தால் அவர்களைத் திட்டாதீர்கள். ரெசிட் எங்கே என்று கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மனு கொடுக்க மூன்று ஆண்டு வரை நேரம் இருக்கிறது.