முதல் வருஷம் கெமிஸ்ட்ரிக்கு இந்த மேடம் வந்தால்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். கல்லூரி பெயரும் மேடம் பெயரும் இதில் வராது, எங்கள் டிபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு நான்கு வரி படித்தாலே யாரென்று தெரிந்துவிடும், அது போதும். அட்மிஷன் முடிந்த கையோடு ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிற முதல் கேள்வியே "அக்கா, ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு அந்த மேடமா வருவாங்க, ரொம்ப ஸ்ட்ரிக்டாமே" என்பதுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் என் பெஞ்ச், பின் பெஞ்ச், சீனியர்கள், அலைடு (துணைப்பாடம்) கெமிஸ்ட்ரி எடுத்த பாட்டனி பிள்ளைகள் என்று நிறைய பேரிடம் கேட்டு, என் கருத்தையும் சேர்த்து எழுதுகிறேன். நம் ஊர்க் கல்லூரிகளில் வாத்தியாரைத் தேர்ந்தெடுக்க வழி கிடையாது, டைம்டேபிளில் யார் பெயர் வருகிறதோ அவர்தான் அந்த செமஸ்டர் முழுக்க. ஆகவே இது அவரிடம் படிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு இல்லை, வந்துவிட்டார் என்றால் எப்படிப் படிப்பது என்பதற்கு.

முதலில் என் கருத்து. இவரை மாதிரி சொல்லித் தருகிற ஆள் முதல் செமஸ்டரில் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் இரண்டு குறைகள் இருக்கின்றன, அதையும் கீழே சொல்கிறேன்.

மேடம் நோட்ஸ் டிக்டேட் பண்ண மாட்டார். நான் கேட்ட கருத்துகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன. பிளஸ் டூ வரைக்கும் கேள்வி, பதில், அடிக்கோடு என்று படித்து வந்த நமக்கு, ஒரு மணி நேரம் போர்டில் எழுதி அழித்துப் பேசிவிட்டு "மக்களே, இத வீட்டுல போய் உங்க சொந்த வார்த்தையில எழுதிப் பாருங்க, கேட்டியளா" என்று சொல்லிவிட்டுப் போனால் முதல் இரண்டு வாரம் தலை சுற்றத்தான் செய்யும். அரியர் வைத்த ஒரு சீனியர் அண்ணன் நேராகவே சொன்னார்: "அவங்க கெமிஸ்ட்ரி சொல்லித் தந்தாங்க, பாஸ் ஆகிறதுக்கு என்ன வேணுமோ அதச் சொல்லித் தரல." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எக்ஸ்டர்னல் 75 மார்க், இன்டர்னல் 25 மார்க் என்று இருக்கிற ஊரில், கேள்வித்தாளில் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு ஒரு அரியர் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் டிக்டேஷன் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். குரோமியத்துக்கு ஏன் 3டி ஆர்பிட்டல்களில் (அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கிற இடங்கள்) நான்கு எலக்ட்ரான் இல்லாமல் ஐந்து இருக்கிறது என்று பிளஸ் ஒன்னில் எல்லோரும் படித்திருப்போம், பாதி நிரம்பினால் நிலைப்புத்தன்மை அதிகம் என்று எழுதி மார்க் வாங்கியிருப்போம். மேடம் அதை விடவில்லை. ஒரு பையனை எழுப்பி போர்டில் ஐந்து அம்புக்குறி போடச் சொன்னார். ஒரே திசையில் சுழல்கிற எலக்ட்ரான்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து எண்ணச் சொன்னார். ஐந்து எலக்ட்ரானுக்கு 10 ஜோடி வந்தது, நான்குக்கு 6 தான். இந்த ஜோடிகள் கூடக்கூட எக்ஸ்சேஞ்ச் எனர்ஜி கூடி அணு இன்னும் நிலையாகிறது, அதனால்தான் ஒரு எலக்ட்ரான் 4எஸ் ஆர்பிட்டலிலிருந்து 3டி-க்குப் போகிறது என்று அப்புறம்தான் சொன்னார். அந்த 10 புத்தகத்திலேயே இருக்கிறது, நாங்கள் மனப்பாடம் செய்த எண்தான். எண்ணிப் பார்த்த பிறகு அது மறக்கவே இல்லை. காப்பருக்கு நாங்களே சொல்லிவிட்டோம்.

பீரியாடிக் டேபிள் பாடத்தில் மேடத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று எல்லா பேட்ச் பிள்ளைகளும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். மணவாளக்குறிச்சி கடற்கரையின் கருமணலை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவருவார். பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தைப் பாட்டிலுக்கு வெளியே வைத்தால் கறுப்புத் துகள் எல்லாம் ஒரு பக்கமாக ஏறி வரும். அது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அதே மணலில் ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் இருக்கின்றன என்றும், காந்தத்துக்கு எது எவ்வளவு இழுபடும், எது மின்சாரத்தைக் கடத்தும் என்ற வித்தியாசத்தை வைத்துத்தான் அங்கே இருக்கிற அரசு ஆலையில் பிரிக்கிறார்கள் என்றும் சொல்வார். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு மோனசைட்டைத் தேடி இங்கே வந்த கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். அப்போது காஸ் விளக்கில் ஒளிவிடுகிற வலையான மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது, அது மோனசைட்டில் இருந்தது. குளச்சல் பக்கத்திலிருந்து வருகிற எங்கள் கிளாஸ் பையன், "எங்க வீட்டுக்குப் பின்னால கிடக்கிற மணலு இது" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான்.

அங்கிருந்து லாந்தனைடு என்ற தனிமக் குடும்பத்துக்குப் போனார். சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் ஏன் ஒரே கனிமத்தில் ஒன்றாக மாட்டிக்கொண்டு இருக்கின்றன, ஏன் பிரிப்பது இவ்வளவு கஷ்டம் என்றால், அயனிகளின் அளவு ஒன்றுக்கொன்று மிகக் கிட்டத்தில் இருக்கிறது, எல்லாமே பெரும்பாலும் மூன்று பாசிட்டிவ் சார்ஜில் இருக்கின்றன. கையில் வைத்திருந்த அந்த ஹார்டு டிஸ்க் காந்தமே நியோடிமியம் கலந்தது என்று கடைசியில் சொன்னபோது கிளாஸ் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுப்பதை எதிர்த்து மீனவ ஊர்களில் நடக்கிற போராட்டத்தைப் பற்றி ஒருத்தி கேட்டாள். மேடம் அதைப் பாடத்துக்கு வெளியே என்று தள்ளவில்லை. இரண்டு பக்கத்தையும் பேச விட்டார், மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிர்வீச்சு என்பது என்ன, எது அளவு, எதை அளக்க வேண்டும் என்று மட்டும் விளக்கினார், தன் கருத்தைத் திணிக்கவில்லை. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஒரு கிளாஸுக்காகவே அவர்மேல் மரியாதை.

குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பிக்கு வீட்டில் ரப்பர் தோட்டம். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் ஏன் உறைகிறது என்று மேடம் அவனிடமே கேட்டார். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தட்டில் பால் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் கலந்து சீட் அடிக்கத் தெரியும், காரணம் தெரியாது. பாலில் இருக்கிற ரப்பர் துகள்கள் மேலே புரோட்டீன் போர்த்தி நெகட்டிவ் சார்ஜோடு மிதக்கின்றன, ஒன்றையொன்று தள்ளுவதால் ஒட்டுவதில்லை, ஆசிட் அந்தச் சார்ஜைக் கெடுத்துவிட்டால் சேர்ந்து கட்டியாகிவிடும், உறையாமல் வைக்க வேண்டும் என்றால் அமோனியா சேர்ப்பார்கள். இவ்வளவுதான் பாடம். ஆனால் அதற்கு முன்பு வாயே திறக்காத அந்தப் பையன் அதற்கப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான், நான் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்தது இது.

சரி, லேபுக்கு வருவோம், ஏனென்றால் எல்லா பயமும் லேபைப் பற்றித்தான்.

வால்யூமெட்ரிக்கில், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற டைட்ரேஷனில், ரீடிங் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதுவது, அல்லது இரண்டு ரீடிங்கையும் ஒரே எண்ணாக்கிவிடுவது எல்லா லேபிலும் நடக்கிறது. இவரிடம் நடக்காது. அப்சர்வேஷன் நோட்டில் பேனாவில்தான் எழுத வேண்டும், ஒயிட்னர் கூடாது, தப்பினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும், அன்றைக்கே கையெழுத்து வாங்க வேண்டும். ரீடிங் 18.4, 18.9 என்று விலகி வந்தால் அப்படியே எழுதிக் காட்டினாலும் மார்க் குறைக்க மாட்டார், ஏன் விலகியது என்று கேட்பார், இன்னொரு டைட்ரேஷன் செய்ய நேரம் தருவார். பொய் ரீடிங்கைக் கண்டுபிடித்தால்தான் கோபம் வரும். இது எனக்கு மிகவும் பிடித்த குணம், மற்ற லேபுகளில் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனுக்கு முன்னால் இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்டிப்பாகக் கேட்பார். ஆக்சாலிக் ஆசிட்டை ஏன் 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்? ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போடாமல் ஏன் சல்ஃபியூரிக் ஆசிட் போடுகிறோம்? குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரின் ஆக்கிவிடும், அதற்கும் பெர்மாங்கனேட் செலவாகி ரீடிங் கூடிவிடும், அதனால். முதல் சில சொட்டுகளின் நிறம் போக நேரமாகும், பயந்து மேலே மேலே ஊற்றக்கூடாது, உண்டாகிற மாங்கனீஸ் அயனியே அப்புறம் வினையை வேகப்படுத்தும். ஆசிட் குறைந்தால் கரைசல் பழுப்பாகக் கலங்கும். இன்டிகேட்டர் தனியாகத் தேவையில்லை. பியூரெட்டில் நிறம் அடர்த்தியாக இருப்பதால் கீழ் வளைவு தெரியாது, மேல் மட்டத்தைத்தான் படிக்க வேண்டும், இதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். பெர்மாங்கனேட்டின் எக்விவலன்ட் வெயிட் (சமான எடை) 31.6 என்று ஒப்பித்தால் விட மாட்டார், மூலக்கூறு எடை 158-ஐ ஏன் 5-ஆல் வகுத்தாய், ஆசிட் இல்லாத இடத்தில் ஏன் 3-ஆல் வகுக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும்.

இப்போது குறை. மேடம் லேபில் சத்தம் போடுவார். பிப்பெட் உடைந்ததற்காக எங்கள் பேட்ச் பெண் ஒருத்தியை எல்லோர் முன்னாலும் பேசியதில் அவள் அழுதுவிட்டாள், அடுத்த வாரம் லேபுக்கே வரவில்லை. உடைந்த பொருளுக்குக் காசு கட்டுவது எங்கும் இருக்கிற வழக்கம், அதைக் கட்டச் சொன்னால் போதும், அந்தப் பேச்சு தேவையில்லை. கையில் ஆசிட் பாட்டிலோடு நிற்கிற பிள்ளைக்குப் பதற்றம் கூடினால் ஆபத்துதானே. இதைச் சொன்னவர்கள் எல்லோரும் பெண் பிள்ளைகள், நன்றாகப் படிக்கிறவர்களும் அதில் உண்டு. மேடம் இதைப் படிக்க நேர்ந்தால், கோபித்துக்கொள்ளாமல் இதை மட்டும் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது குறை, கடைசி யூனிட். மணல், ரப்பர், புத்தளம் உப்பளத்தில் உப்புக்கு முன்னால் கால்சியம் சல்ஃபேட் படிவது என்று முதல் யூனிட்டுகளில் நிதானமாகப் போகிறவர், மழை லீவும் சேர்ந்துகொள்ள, ஆர்கானிக் பகுதிக்கு வரும்போது ஓட ஆரம்பித்துவிடுகிறார். இன்டக்டிவ் எஃபெக்ட், மீசோமெரிக் எஃபெக்ட், ஹைப்பர்கான்ஜுகேஷன் என்று மூலக்கூறுக்குள் எலக்ட்ரான் எப்படி நகர்கிறது என்பதைச் சொல்கிற மூன்றும் சில மணி நேரத்தில் முடிந்தன. எங்களில் பலர் அதை யூடியூபில்தான் படித்தோம். இரண்டாம் செமஸ்டரில் ஆர்கானிக் வரும்போது இந்த அடிப்படை இல்லாமல் நாங்கள் பட்ட பாடு தனி.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இரண்டு வரி. மேடம் பேசுவது தமிழில்தான், போர்டு மட்டும் இங்கிலீஷில் இருக்கும். புரியவில்லை என்று சொன்னால் மறுபடியும் சொல்வார், அதில் சலிப்பே காட்ட மாட்டார். கொல்லங்கோடு பக்கத்திலிருந்து மலையாளம் மீடியத்தில் படித்து வந்த ஒருத்திக்கு, கிளாஸ் முடிந்து வெளியே நின்று மலையாளத்திலேயே சொல்லிக் கொடுத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவளிடம் கருத்து கேட்டபோது, "அந்த மேடம் இல்லேன்னா நான் டிஸ்கன்டினியூ பண்ணியிருப்பேன்" என்றாள். ஆனால் கேட்க வேண்டியது நீங்கள். பேசாமல் இருந்தால் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு போய்விடுவார். பின் பெஞ்ச் வரை குரல் வராது, அதுவும் மழை நேரத்தில் சுத்தமாகக் கேட்காது. முன்னால் மூன்று வரிசைக்குள் உட்காருங்கள்.

அலைடு எடுத்த பாட்டனி பிள்ளைகளின் கருத்து கொஞ்சம் வேறு. தோவாளையிலிருந்து வரும் தோழி ஒருத்தி, மேடம் எங்களுக்கு ஆழமாக நடத்துவதையே அவர்களுக்கும் நடத்துகிறார், அவ்வளவு தேவையில்லை என்றாள். இருக்கலாம். அட்டெண்டன்ஸில் கறார், ஆனால் மார்த்தாண்டம், அருமனை பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பத்து நிமிஷம் தாமதமானால் ஒன்றும் சொல்ல மாட்டார். டெஸ்ட் பேப்பர் திருத்தித் தர மாதம் ஆகும். இன்டர்னலில் யாருக்கும் பாரபட்சம் காட்டியதாக ஒருத்தரும் சொல்லவில்லை.

டைம்டேபிளில் அவர் பெயர் வந்துவிட்டால், பிளஸ் ஒன், பிளஸ் டூ கெமிஸ்ட்ரி புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள், தமிழ்ப் பதிப்பு பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, முதல் இரண்டு யூனிட்டுக்கு அதுதான் உங்கள் நோட்ஸ். கிளாஸ் முடிந்த அன்றைக்கே போர்டில் போட்டதை உங்கள் மொழியில் எழுதுங்கள். ஐந்து வருஷக் கேள்வித்தாள்களை லைப்ரரியில் கேட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அதை மேடம் தர மாட்டார். ஆர்கானிக் யூனிட்டை செப்டம்பரிலேயே நீங்களாகத் தொடங்கிவிடுங்கள், சந்தேகம் வருகிற இடத்தைக் குறித்துக்கொண்டு மதியம் ஸ்டாஃப் ரூமில் போய்க் கேட்டால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து சொல்லித் தருவார்.