தண்ணீரில் கரையும் பை: சலவைக்கூடத்துக்குச் சரி, சந்தைக்குச் சரிவராது

2018 ஜூலையில், சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் ரோபர்ட்டோ அஸ்டேட்டே, கிறிஸ்டியன் ஒலிவாரெஸ் என்ற இருவர் ஒரு பையைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரைக் குடித்தும் காட்டினார்கள். சொலுபேக் என்று பெயர். மூலப்பொருள் பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாகப் பிவிஏ. இது புதுச்சரக்கு அல்ல. 1924-லேயே ஜெர்மனியில் உருவானது. நெசவுக்கு முன் பாவு நூலுக்கு சைசிங் என்னும் கஞ்சி போடும் நம் ஊர் ஆலைக்காரர்களுக்கும் பழக்கமானதுதான். வழக்கமான பை தயாரிக்கும் இயந்திரத்திலேயே ஓடும்படி கலவையை மாற்றினோம் என்பதுதான் அவர்கள் சொன்ன புதுமை. இப்போது இவ்வகைப் பைகள் பல பெயர்களில் கிடைக்கின்றன.

வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தச் சூட்டில் கரையும் என்பது. பிவிஏ-வின் நீராற்பகுப்பு, அதாவது தயாரிப்பில் மூலப்பொருள் எவ்வளவு பிவிஏ-வாக மாறியது என்ற அளவு, 87–89 சதவீதம் என்றால் பச்சைத் தண்ணீரிலேயே கரையும். 98-ஐத் தாண்டினால் வெந்நீர் வேண்டும்; சலவைப் பைகளுக்குப் பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இந்தப் பை தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் மருத்துவமனைச் சலவை. தொற்றுள்ள துணியை வார்டிலேயே பையில் போட்டுக் கட்டிவிட்டால், பிறகு யார் கையும் படாமல் பையோடு மெஷினுக்குள் போகும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. மேலே கசியாத இன்னொரு பையும் வேண்டும்; ஈரத் துணி உள்ளிருந்தே பையை இளக்கும். ரத்தக்கறைத் துணிக்கு முழுக்க வெந்நீரில் கரையும் பை தவறான தேர்வு. பச்சைத் தண்ணீர் முன்னலசலில் பை திறக்காது. சூடு ஏறும்போது கறை துணியிலேயே வெந்து பிடித்துக்கொள்ளும். கட்டும் நாடாவோ தையலோ மட்டும் குளிர்நீரில் கரைந்து, பை பிறகு வெந்நீரில் கரையும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மெஷினைத் திணித்து ஓட்டினால் பை முழுதாகக் கரையாமல் துணியில் பசையாக ஒட்டும். உலர்த்தியில் அது விறைத்த தோலாகிவிடும். வெங்காரம் (போராக்ஸ்) கலந்த சலவைத்தூளும் ஆகாது, பிவிஏ-வைக் கூழாக்கிவிடும்.

காய்கறிக்கும் மீனுக்கும் இதை வாங்காதீர்கள். ஈரக் கை பட்ட இடம் வழவழக்கும், மழைத்துளி பட்ட இடம் ஓட்டையாகும். மழைக்காலக் காற்றிலேயே பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிக வறண்ட அறையில் மொறுமொறுத்துக் கிழியும். உறையைப் பிரித்தால் மீதியை உடனே காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.

பை கரைந்துவிடும், அதனால் மாசே இல்லை என்ற விற்பவர்களின் பேச்சில் எங்களுக்கு உடன்பாடில்லை. கரைவது வேறு, மட்குவது வேறு. குளிர்நீர்ப் பைத்துண்டு 4 கிராமை 100 மில்லி நீரில் கரைத்து, வெங்காரக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். தெளிந்திருந்த தண்ணீரிலிருந்து கொழகொழவென்று ஒரு உருண்டை திரண்டு வரும். பொருள் எங்கும் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். பிவிஏ-வைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் பிவிஏ தொடர்ந்து வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் அவை பெருகிப் பழகும். ஆற்றிலும் கடலிலும் அந்த வேகம் இருக்காது. கடல் ஆமையின் தொண்டையில் பை சிக்காது என்பது உண்மையான நன்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். அதற்காகக் குப்பையை ஆற்றில் வீசலாம் என்று விளம்பரம் செய்வது பெருந்தவறு.

மொத்தமாக வாங்கும் முன் மாதிரி கேளுங்கள். குளிர்நீர் வகையில் ஐந்து சென்டிமீட்டர்த் துண்டை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் தடம் தெரியாமல் போக வேண்டும். வெந்நீர் வகை அதே தண்ணீரில் கரையாமல் நின்று, உறையின் விவரச்சீட்டில் குறித்த சூட்டில் மறைய வேண்டும். மெல்லிய செதில்கள் மேலே மிதந்தால் சாதாரணப் பிளாஸ்டிக் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.