பட்டை இரும்புக் கல்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஊர்ப்பெயரைக் கேளுங்கள்

பூமிக்கு ஆக்சிஜன் வந்த கதையைச் சொல்லும் கல் என்று அட்டை ஒட்டி, கனிமக் கடைகளிலும் இணையத்திலும் ஒரு பலகைக் கல் விற்கிறார்கள். உள்ளங்கை அகலம், விரல் தடிமன். சிவப்பு, எஃகுச் சாம்பல், கருப்பு என்று அடுக்கடுக்காகப் பட்டைகள். பள்ளி ஆய்வகத்துக்கும் வீட்டு மேசைக்கும் நிறையப் பேர் வாங்குகிறார்கள். கல்லுக்கு 5-க்கு 4 தரலாம். அதோடு வரும் அட்டைக்கு ஒன்றரைக்கு மேல் தர முடியாது.

முதலில் கல்லின் கணக்கு. 454 கோடி ஆண்டு வயதுள்ள பூமியின் முதல் பாதியில் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. இன்றுள்ளதில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எரிமலைகள் கக்கிய நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன் இவைதான் அன்றைய வளிமண்டலம். ஆக்சிஜன் இல்லாத கடலில் இரும்பு துருப்பிடிக்காது. உப்புப் போலக் கரைந்தே கிடக்கும். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் சூரிய ஒளியில் உணவு சமைத்து ஆக்சிஜனைக் கழிவாக வெளியேற்றியபோது, அது முதலில் காற்றுக்குப் போகவில்லை. கரைந்த இரும்பைத்தான் பிடித்தது. இரும்பு துருவாகி அடியில் படிந்தது, இடையிடையே மணலின் பொருளான சிலிக்கா படிந்தது. இதுதான் பட்டை.

இந்தக் கணக்கை உங்கள் கையிலிருக்கும் துண்டிலேயே போட்டுப் பார்க்கலாம். தேவை ஒரு சமையலறைத் தராசு, ஒரு பாத்திரம் தண்ணீர், நூல். கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள்; 300 கிராம் என்று வைப்போம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலோ ஓரத்திலோ படாமல் முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். 88 காட்டினால் அடர்த்தி 300-ஐ 88-ஆல் வகுத்த 3.4. சிலிக்காவின் அடர்த்தி 2.65, அந்தத் துரு கல்லாகிக் கிடக்கும் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடுடையது 5.26. இரண்டும் கலந்து 3.4 வர வேண்டுமென்றால் கல்லின் எடையில் சுமார் 45 சதவீதம் ஹெமடைட், அதாவது 135 கிராம். கடலில் கரைந்திருந்த இரும்பு ஹெமடைட்டாக மாற, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு புதிய ஆக்சிஜன் வேண்டும். 13.5 கிராம், அறை வெப்பநிலையில் சுமார் 10 லிட்டர். இன்றைய காற்றில் 49 லிட்டரில் உள்ள ஆக்சிஜன் அவ்வளவும் அந்த ஒரு துண்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அட்டையில் போட வேண்டிய எண் இதுதான், யாரும் போடுவதில்லை.

ஒரு திருத்தமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக்சிஜனே இல்லாமல், ஒளியின் உதவியால் நேரடியாக இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியாக்கள் இன்றும் உண்டு. பழைய பட்டைகளில் அவற்றின் பங்கு பெரிதாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களிடையே வலுவான கருத்து. ஆகவே மேலே போட்டது உச்ச வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடர்த்திச் சோதனை ஏமாற்றையும் காட்டிக்கொடுக்கும். 3.2 முதல் 3.6 வரை என்றால் நம்பலாம். 2.7-ஐ ஒட்டி வந்தால் அது வெறும் சிவப்பு ஜாஸ்பர், அதாவது இரும்புச் சிவப்பேறிய சிலிக்காக் கல். அழகான கல்தான், இரும்புக் கதை அதில் குறைவு. 2-க்குக் கீழே என்றால் பிசின் வார்ப்பு. 5-ஐ ஒட்டி வந்து, காந்தம் பாய்ந்து ஒட்டி, துண்டுகள் ஒன்றையொன்று இழுத்தால் அது ஆலையில் செய்த ஃபெரைட் காந்தம். 'காந்த ஹெமடைட்' என்று வளையல்மணி செய்து விற்கும் சரக்கு அதுவே; இயற்கை ஹெமடைட் அப்படி இழுக்காது.

உரசல் சோதனைக்கு டைல்ஸின் பின்பக்கம், மெருகில்லாத பகுதி, போதும். எஃகு நிறப் பட்டையின் விளிம்பை இழுத்தால் செங்கல் நிறக் கோடு விழுந்தால் ஹெமடைட், கருங்கோடு விழுந்தால் மேக்னடைட், அதாவது காந்தத்தில் ஒட்டும் இன்னொரு இரும்பு ஆக்சைடு. இங்கே பலர் செய்யும் தவறு, சிவப்புப் பட்டையை உரசுவது. ஜாஸ்பர் டைல்ஸைவிடக் கடினம். கோடு விழாது, டைல்ஸ்தான் கீறும், அந்த வெள்ளைத் தூளைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டுவார்கள்.

வாங்கும்போது வெட்டு எந்தத் திசையில் என்று பாருங்கள். பட்டைக்குக் குறுக்காக வெட்டிய பலகையில்தான் வரிகள் தெரியும். பட்டைக்கு இணையாக வெட்டினால் ஒரே சிவப்புத் திட்டுதான். தடிமன் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லியதாக இருந்தால் ஹெமடைட்டும் சிலிக்காவும் சேரும் கோட்டிலேயே பிளந்து வரும், கூரியரில் வரும்போதே. ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டது மேல். கரடான பின்பக்கம் உரசிப் பார்க்கவும் பெயர் ஒட்டவும் உதவும். பாலிஷே போடாமல் எண்ணெய் தடவி மினுக்கும் சரக்கும் உண்டு. டிஷ்யூ காகிதத்தால் துடையுங்கள், பாத்திரம் கழுவும் சோப்பில் ஒருமுறை கழுவுங்கள். நிறம் வெளிறினால் தெரிந்துவிடும்.

இனி அட்டையின் சங்கதி. கல் எந்த ஊர் என்று எழுதாத அட்டை பயனற்றது, ஏனென்றால் வயது ஊரோடு வருவது. காற்றில் ஆக்சிஜன் நிலையாக ஏறியது 240 முதல் 230 கோடி ஆண்டுகளுக்கு முன். இது எப்படித் தெரியும் என்றால் பட்டைக் கல்லால் அல்ல, கந்தகத்தால். ஓசோன் இல்லாத வானத்தில் புற ஊதாக் கதிர் கந்தக வாயுக்களை உடைத்தபோது கந்தகத்தின் ஐசோடோப்புகளில் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) ஒரு விசித்திர விகிதம் பதிந்தது. ஆக்சிஜன் ஏறியதும் அந்தப் பதிவு பாறைகளிலிருந்து மறைகிறது. ஆக்சிஜன் ஏறிய அந்தக் காலக் கோட்டுக்கு முன்னதா பின்னதா என்பதுதான் உங்கள் துண்டின் மதிப்பு.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இஷ்பெமிங் பக்கத்து ஜாஸ்பிலைட், அதாவது ஜாஸ்பரும் ஹெமடைட்டும் அடுக்கிய பட்டைக் கல், சிவப்பும் வெள்ளிச் சாம்பலும் கலந்து கண்ணைப் பறிக்கும். வயது சுமார் 187 கோடி. மினசோட்டாவின் மேரி எல்லன் ஜாஸ்பர் அதே காலம். அதில் சுருள் சுருளாகத் தெரிபவை ஸ்ட்ரோமடோலைட், நுண்ணுயிர்ப் பாய்கள் அடுக்கிய கல். இரண்டையும் முதல் ஆக்சிஜனின் சாட்சி என்றே விற்கிறார்கள். ஆனால் காற்றில் ஆக்சிஜன் ஏறி 40 கோடி ஆண்டுக்கு மேல் கழிந்தபின் படிந்தவை அவை. பின் ஏன் பட்டை விழுந்தது? மேற்பரப்பில் ஆக்சிஜன் இருந்தும் ஆழ்கடலில் இல்லை. அங்கே கடலடி வெந்நீர் ஊற்றுகள் கொட்டிய இரும்பு கரைந்தே கிடந்து, மேலே வந்த இடங்களில் படிந்தது. உண்மைக் கதை இன்னும் சுவையானது. அதை விட்டுவிட்டுத் தவறான கதையை எதற்கு அச்சடிக்கிறார்களோ.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி பட்டைகள்தான் பாடப்புத்தகச் சரக்கு. சுமார் 248 கோடி ஆண்டு, ஆக்சிஜன் ஏறுவதற்குச் சற்று முன். கரிஜினி தேசியப் பூங்காவின் டேல்ஸ் பள்ளத்தாக்கில் சுவர் சுவராக நிற்கிறது. பூங்காவிலிருந்து கல் எடுக்கத் தடை உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விற்பவரிடம் எங்கே எடுத்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மெல்லிய வரியும் ஓர் ஆண்டு என்று அட்டை சொன்னால் அது பழைய கருதுகோள், எல்லோரும் ஏற்றதல்ல.

புலி இரும்பு என்ற வகைக்குத்தான் கிராக்கி அதிகம். பொன்னிறப் புலிக்கண், சிவப்பு ஜாஸ்பர், ஹெமடைட் மூன்றும் நெளிந்து ஓடும். அந்த நெளிவு கடல் அலை அல்ல. பின்னாளில் பாறை மடிந்த தடம். பாலிஷ் போட்ட துண்டைத் தொடுவதில் ஆபத்தில்லை. ஆனால் புலிக்கண் கல்நாரோடு (ஆஸ்பெஸ்டாஸ்) உறவுள்ள கனிமம். வீட்டில் வெட்டுவதோ உலர்வாக மணல்காகிதம் போடுவதோ கூடாது. நீர் ஊற்றித்தான் வெட்ட வேண்டும், தூசிக்கவசத்தோடு.

நம் பக்கத்தில் சேலம் கஞ்சமலையில் இதே குடும்பத்துப் பாறை இருக்கிறது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி ஹெமடைட் மேக்னடைட்டாகி, சிலிக்கா பருமணிக் குவார்ட்சைட்டாகிவிட்டது. சிவப்பு இல்லை, வெள்ளையும் கருப்பும்தான், காந்தம் பச்சென்று ஒட்டும். 1830-களில் பரங்கிப்பேட்டை இரும்பாலை சேலத்து மேக்னடைட் தாதுவைத்தான் உருக்கியது. அழகில் மிச்சிகன் கல்லுக்கு நிகராகாது, மெல்லிய வரிகளும் அழிந்துவிட்டன. வயதில் மிச்சிகன் கல் இதற்குப் பேரப்பிள்ளை. கஞ்சமலைக் கல்லுக்கு, முன்பு போட்ட ஆக்சிஜன் கணக்கில் ஒரு மாற்றம்: மேக்னடைட்டில் பிடிபட்ட ஆக்சிஜன் எடையில் பத்தில் ஒன்று அல்ல, சுமார் 7 சதவீதம்.

பட்டைக் கல் ஒன்றை மட்டும் வைத்து வளிமண்டலத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது. அதே பணத்தில் சின்னத் துண்டு ஒன்றை வாங்கி, மிச்சத்தில் இன்னும் இரண்டு கல் சேர்ப்பது நல்லது. ஒன்று சுண்ணாம்புக் கல். அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்கு வெட்டுவது போதும். சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிராமில் 44 கிராம் கரியமில வாயு. தூளாக்கி வினிகர் விட்டால் நுரைத்து வெளியேறும். ஆதிக் காற்றிலிருந்த கரியமில வாயுவில் பெரும்பங்கு இப்படித்தான் கல்லுக்குள் போயிற்று. வெள்ளிக் கோளில் போகவில்லை. அங்கே காற்றில் 96.5 சதவீதம் இன்னும் அதுதான், அழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்கு.

இன்னொன்று தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் கூழாங்கல் பாறை. 280 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஆற்றுப் படிவு. தங்கம் எடுப்பது இதிலிருந்துதான். உள்ளே பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உருண்டைகள் இருக்கும். இன்றைய ஆற்றில் பைரைட் உருண்டு வர வாய்ப்பில்லை. காற்று பட்டதும் கரைந்து துருவாகிவிடும். அது உருண்டு, வட்டமாகி, அப்படியே கிடக்கிறது என்றால் மேலே ஆக்சிஜன் இல்லை என்று பொருள். ஆக்சிஜன் இல்லாத வானத்துக்குச் சாட்சி வேண்டும் என்பவர்கள் பட்டைக் கல்லுக்கு முன்பே இதைத் தேட வேண்டும்.

சிக்கல், அதே பைரைட் உங்கள் அலமாரியில் ஆக்சிஜனோடு இருக்கப்போகிறது. ஈரம் ஏறினால் வெள்ளையாகப் பூத்து, அமிலம் கசிந்து, கீழே வைத்த அட்டையைக் கருக்கும். மூடிய டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுவது. இவ்வளவு செய்தால் நிற்கும். சில துண்டுகளில் யுரேனினைட் என்ற யுரேனியத் தாது இருக்கும், கதிரியக்கம் லேசாக உண்டு; தலைமாட்டில் வைக்க வேண்டாம், தொட்டால் கை கழுவுங்கள். கூழாங்கல் பாறையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுவதும் கூடாது. உலர்ந்த தூரிகை போதும்.