ட்ரோன் வீடியோ வழுக்கிக்கொண்டு போக: சினி மோடா, தானியங்கி ஷாட்டா, ஸ்லோ மோஷனா?

புதிதாக ட்ரோன் ஓட்டுபவர்களின் வீடியோவில் படம் நடுங்குவது அபூர்வம். அதை, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் பார்த்துக்கொள்கிறது. கண்ணை உறுத்துவது வேறு: விசுக்கென்று கிளம்புவது, வெடுக்கென்று திரும்புவது, பொசுக்கென்று நிற்பது. இதெல்லாம் கட்டைவிரல் செய்கிற வேலை. இதற்குப் பலரும் சொல்லும் தீர்வுகள் மூன்று.

என் ஓட்டு சினி மோடுக்குத்தான். இதில் வேகம் குறையும். ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டாலும் சட்டென்று நிற்காமல் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். மரத்துக்கோ சுவருக்கோ அருகில் பறக்கவிடும்போது அந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மோடை மாற்றியதோடு விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். செட்டிங்ஸுக்குள் போய், ட்ரோன் திரும்பும் வேகத்தையும் கிம்பல் மேலும் கீழும் சாயும் வேகத்தையும் நன்றாகக் குறைத்து, இரண்டின் ஸ்மூத்னஸையும் (அசைவு எவ்வளவு மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும் என்பதை) கூட்டுங்கள். பார்ப்பவருக்கு முதலில் உறுத்துவது திரும்பும் வேகம்தான்.

அப்புறம், பிடி. ஸ்டிக்கைக் கட்டைவிரலால் மட்டும் தள்ளாமல், ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளினாற்போல் பிடியுங்கள். ட்ரோன் லேசாக நகரத் தொடங்கும் இடம் வரை தள்ளி, ஒரு நொடி பொறுத்து, பிறகு மெல்லக் கூட்டுங்கள். கையாலேயே வட்டமடிக்க, வலது ஸ்டிக்கை வலப்பக்கமும் இடது ஸ்டிக்கை இடப்பக்கமும் ஒரே சமயத்தில் சிறிதளவு தள்ள வேண்டும். இடது விரல் மேலே கீழே வழுக்கினால் உயரம் மாறிவிடும். இதைப் பழகுவதற்குத்தான் நாளாகும். ஆனால் பழகிவிட்டால் எந்த ஷாட்டும் கைக்குள் வரும்.

பட்டனை அழுத்தினால் ட்ரோனே பறந்து எடுக்கும் தானியங்கி ஷாட்டுகளில் இந்தப் பாடு இல்லை. வட்டமடிக்கும் ஷாட்டில் தூரமும் வேகமும் சீராக இருக்கும். கை அதை எட்ட ரொம்ப நாள் பிடிக்கும். ஒரே பாதையைக் காலையிலும் மாலையிலும் எடுக்க வேண்டுமென்றால், போக வேண்டிய புள்ளிகளை முன்பே குறித்துவைக்கும் வேபாயின்ட்டை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நடுவழியில் மேகம் விலகி வெளிச்சம் விழுந்தால் அந்தப் பக்கம் திரும்ப அதற்குத் தெரியாது. பல சிறிய ட்ரோன்களுக்குப் பக்கவாட்டில் சென்சார் கிடையாது, இருந்தாலும் மெல்லிய கம்பிகள் தப்பிவிடலாம். எனவே பாதையை முதலில் கண்ணால் பார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள்.

அடுத்தது ஸ்லோ மோஷன். நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் அசைவு இரண்டரை மடங்கு மெதுவாகும். சின்ன வெடுக்குகள் மழுங்கும், மறையாது. அலைக்கும் அருவிக்கும் அழகு. நடக்கும் மனிதர்களும் வண்டிகளும் வந்தால் செயற்கையாகத் தெரியும். அந்தி நேரத்தில் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை) 1/60 நொடியைவிட மெதுவாக்க முடியாததால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) ஏறி, படத்தில் புள்ளி தட்டும். நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

சரி, லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டுமா? 24 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 அளவில் இருந்தால் அசைவு இயல்பாகத் தெரியும். உச்சி வெயிலில், நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப்/1.7 லென்ஸில், ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்குக்கு எகிறும். உயரத்திலிருந்து தூரக் காட்சி எடுத்தால் இது அவ்வளவாகத் தெரியாது. தரையை ஒட்டிப் பறக்கும்போதுதான் புல்லும் கல்லும் விட்டுவிட்டு ஓடுவதுபோலத் தெரியும். அங்கே ஃபில்டர் அவசியம். ட்ரோனை ஆன் செய்வதற்கு முன்பே மாட்டிவிடுங்கள், அப்போதுதான் கிம்பல் அந்த எடையோடு தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும்.