எட்டு வருஷமா ஃபிலிமும் டிஜிட்டலும் ஒரே பையில: என் கணக்கு

நிக்கான் எஃப்எம்2ங்கிற பழைய ஃபிலிம் கேமரா ஒண்ணு, 24 மெகாபிக்சல் டிஜிட்டல் கேமரா ஒண்ணு, எட்டு வருஷமா ரெண்டையும் சேத்தே தூக்கிட்டு அலையுறேன். எது நல்லதுன்னு கேட்டா இப்பவும் என்கிட்ட ஒரே வரியில பதில் இல்ல, ஆனா காசு எங்க போகுது, எதுல மனசு நிறையுதுன்னு ஓரளவு புரிஞ்சிருக்கு.

முதல்ல செலவு. ரோல் விலை, கழுவுற கூலி, ஸ்கேன் கூலி மூணையும் கூட்டி, ஒரு ரோலுக்கு 36 படம்ங்கிறதால 36ஆல வகுத்துப் பாருங்க, அதுதான் நீங்க ஒருதடவ ஷட்டர அமுக்குறதுக்கான விலை. 120ன்னு சொல்ற அகலமான ஃபிலிம்ல 6x6 செ.மீ. சதுரமா எடுத்தா ஒரு ரோலுக்கு 12 படம்தான், அங்க வகுக்கவே பயமா இருக்கும். மாசம் ரெண்டு ரோல்னு ஓட்டின வருஷத்துல, டிஜிட்டல் பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) குடுத்த காசுல பாதிக்கு மேல ஃபிலிமுக்கே போச்சு, அதோட ரோல் வாங்குறத குறைச்சுட்டேன். கருப்பு வெள்ளைய நானே வீட்டுல கழுவ ஆரம்பிச்சதுல கொஞ்சம் மூச்சு விட முடியுது. ஹெச்பி5ங்கிற கருப்பு வெள்ளை ரோல், படத்த வெளிய கொண்டு வர்ற டெவலப்பரான டி-76 கெமிக்கல ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்து 20 டிகிரியில பத்து பதினோரு நிமிஷம், அப்புறம் படத்த நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர், அலசல், அவ்ளோதான். கலர் மட்டும் லேபுக்கு. அதுல டெவலப்பர் 38 டிகிரியிலயே நிக்கணும், 3 நிமிஷம் 15 செகண்ட்ல எடுத்துடணும், அந்த டென்ஷன் எனக்கு வேணாம்.

டிஜிட்டல் சும்மா வருதுன்னு சொல்றவங்க ஹார்ட் டிஸ்க்க கணக்குல சேக்குறதே இல்ல. கேமரா சுருக்காம அப்படியே குடுக்குற ரா ஃபைல் ஒண்ணு 25, 30 எம்பி, ஒரு டூர்ல 2000 படம்னா 50 ஜிபிக்கு மேல, அதுக்கு பேக்கப் இன்னொரு டிஸ்க், அந்த ஃபைல திறக்கத் திணறுதுன்னு புது கம்ப்யூட்டர், நடுவுல ஒரு பாடி மாத்தியாச்சு. எஃப்எம்2 வந்தது 1982ல. நான் பண்ணது பின்கதவோரத்துல வெளிச்சம் உள்ள போகாம தடுக்குற, பிசுபிசுன்னு கரைஞ்சு போயிருந்த ஃபோம மாத்தினது, ஒருதடவ சர்வீஸ், அவ்வளவே. பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான், தீந்தாலும் ஷட்டர் வேலை செய்யும். அப்படி ஒருதடவ தீந்தப்ப, நல்ல வெயில்னா லென்ஸ் திறப்பு எஃப்16, ஃபிலிமோட ஐஎஸ்ஓ (வெளிச்சத்த வாங்குற வேகம்) எவ்ளோவோ, ஒரு செகண்ட்ல அத்தனைல ஒரு பங்கு ஷட்டர் ஸ்பீடுங்கிற பழைய கணக்க வெச்சே முழு ரோல் எடுத்தேன், ஒரு படமும் வீணாகல.

ஃபிலிம்ல எடுத்தா நிதானம் வரும், யோசிச்சு எடுப்போம்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் வரல, ஃபிலிம்லயும் அவசரப்பட்டு சொதப்பியிருக்கேன். எனக்குக் கிடைச்சது வேற. டிஜிட்டல்ல ஒரே காட்சிய பதினஞ்சு தடவ எடுத்துட்டு வந்து, ராத்திரி உக்காந்து எதுல கண்ணு திறந்திருக்கு எதுல சிரிப்பு நல்லாருக்குன்னு பொறுக்கணும் பாருங்க, அந்த வேலைக்கு நான் லாயக்கே இல்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி போன ட்ரிப்போட ஃபோல்டர் இன்னும் பொறுக்காமலே கெடக்கு. ஃபிலிம்ல பொறுக்குற வேலை எடுக்கும்போதே முடிஞ்சிருது. ஒண்ணோ ரெண்டோதான் இருக்கு, நல்லா வந்தா வந்தது, இல்லன்னா இல்ல. ரோல் கழுவி வந்த அன்னைக்கே ஆல்பம் ரெடி. காசு குடுத்து அந்தத் தலைவலிய விலக்கிக்கிறேன்னு வெச்சுக்கோங்களேன்.

ஃபிலிம் கலர் தனின்னு உருகுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. ஒரே நெகட்டிவ ரெண்டு லேப்ல ஸ்கேன் பண்ணேன், ஒண்ணுல தோல் மஞ்சளா இருந்துச்சு, இன்னொண்ணுல ரோஸ். நாம ஃபிலிம் கலர்னு சொல்றதுல பாதி ஸ்கேனரும் அத ஓட்டுறவரும் போடுற கலர். ஆனா வெளிச்சத்த தாங்குற விதம் நிஜமாவே வேற. கலர் நெகட்டிவ்ல ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம், அதிகமாப் போனாலும் மேகம் மேகமாவே இருக்கும், டிஜிட்டல்ல வெள்ளையா வெந்து போச்சுன்னா அங்க தோண்டி எடுக்க ஒண்ணுமே இல்ல. இருட்டுல கதை தலைகீழ். நிழல்ல டிஜிட்டல் எவ்வளவோ மீட்டுக் குடுக்கும், ஃபிலிம் வெறும் மணல் மணலா குடுக்கும். ரெண்டு கேமராவையும் மாத்தி மாத்தி எடுக்கும்போது இது மறந்துபோய் நான் வெளுக்க வெச்ச வானம் கொஞ்சநஞ்சம் இல்ல.

வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. அக்கா பொண்ணு முதல்முதலா நடந்த அன்னைக்கு கையில எஃப்எம்2 மட்டும்தான். எடுத்துத் தள்ளுறேன், கவுன்ட்டர் 36 தாண்டுது, சரி ஒண்ணு ரெண்டு கூட வரும்னு நினைச்சேன், 38, 39, 40... அப்பதான் வயித்துல புளியக் கரைச்சுச்சு. ஃபிலிமோட முன்நுனி அத சுத்தி இழுக்குற ஸ்பூல்ல மாட்டவே இல்ல, மொதல்லேர்ந்து ஒண்ணுமே நகரல. அன்னைக்கு மிஞ்சினது மாமா ஃபோன்ல எடுத்த ஒரே ஒரு படம், அதுவும் லேசா ஷேக். இப்பல்லாம் ரோல் போட்டதும் லீவர இழுக்கும்போது இடது பக்கம் ரீவைண்ட் குமிழ் கூடவே சுத்துதான்னு பாக்காம ஒரு படம் எடுக்க மாட்டேன். திரும்ப வராத விஷயம்னா டிஜிட்டல்ல ரெண்டு கார்டு போட்டுத்தான் எடுக்குறேன், அதுல வீம்பு கிடையாது.

பிடிச்ச ஃபிலிம திடீர்னு நிறுத்திடுவாங்கங்கிற பயமும் இருக்கு. கோடாக்ரோம்ங்கிற கோடாக் கலர் ஃபிலிம 2009ல நிறுத்தினாங்க, அத கலரா கழுவிக் குடுத்த கடைசி லேபும் 2010 முடிவோட ரோல் வாங்குறத விட்டுடுச்சு, அதுக்கப்புறம் அலமாரியில ரோல் வெச்சிருந்தவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க. அதே கோடாக் நிறுத்தியிருந்த எக்டாக்ரோம் ஃபிலிம் 2018ல திரும்பி வந்துச்சு, அது ஒரு ஆறுதல். அதுக்காக ஃப்ரிட்ஜ் பூரா ரோல் வாங்கி அடுக்குற ஆள் நான் இல்ல.

அப்ப டிஜிட்டல வித்துடலாமேன்னு கேட்டாங்க. எப்படி விக்குறது, லேப் ஸ்கேன் கூலி கட்டுப்படி ஆகாம ரெண்டு வருஷமா நெகட்டிவ எல்லாம் லைட் பேனல் மேல வெச்சு, ரொம்பக் கிட்டத்துல எடுக்குற மேக்ரோ லென்ஸ் போட்டு, அந்த டிஜிட்டல் கேமராலதான் படம் புடிச்சு மாத்துறேன். ஒரு ரோலுக்கு 36 ரா ஃபைல், அதுவும் போய் உக்காருறது அதே ஹார்ட் டிஸ்க்லதான்.