டெக்டான் ப்ரூனர்: பழைய ஓட்டங்களைத் துடைக்கும் கருவி எப்படி?

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், மென்பொருளைக் கட்டி, சோதித்து, வெளியிடும் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி டெக்டான். அதன் ஒவ்வொரு பைப்லைன்ரன்னும் (பைப்லைன் எனும் வேலைத்தொடரின் ஓர் ஓட்டம்) முடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். அதன் பாட்கள் (வேலை நடக்கும் கன்டெய்னர் தொகுதிகள்), சேமிப்பு வால்யூம்கள், குபர்நெட்டிஸின் தரவுத்தளமான எட்சிடியில் பதிவுகள் என்று குவிந்துகொண்டே போகும். டெக்டானை நிறுவிப் பராமரிக்கும் ஆபரேட்டருடன் வரும் ப்ரூனர் இதற்கு நல்ல மருந்து.

ஆபரேட்டரின் அமைப்புகள் இருக்கும் டெக்டான்கான்ஃபிக்கில் ப்ரூனர் பகுதியில் கிரான் நேரம் (எப்போதெல்லாம் ஓட வேண்டும்), எதை அழிக்க வேண்டும், 'கீப்' எண்ணிக்கை (எத்தனை ஓட்டங்களை விட்டுவைக்க வேண்டும்) ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். எவ்வளவு காலத்து ஓட்டங்களை விட்டுவைப்பது என்று சொல்லும் 'கீப்-சின்ஸ்' நிமிடக் கணக்கு. ஏழு நாளுக்கு 10080. நாள் என்று நினைத்து 7 போட்டால் ஏழு நிமிடத்துக்கு முந்தையதெல்லாம் போய்விடும்!

பலர் சறுக்கும் இடம், ஒவ்வொரு பைப்லைனுக்கும் தனித்தனியே எண்ண வைக்கும் 'ப்ரூன்-பெர்-ரிசோர்ஸ்'. அதை இயக்காவிட்டால் 'கீப்' நேம்ஸ்பேஸ் (குபர்நெட்டிஸில் பிரித்துவைத்த ஒரு பகுதி) முழுவதற்கும் சேர்த்தே எண்ணப்படும். மணிக்குப் பத்து முறை ஓடும் சோதனைப் பைப்லைன், மாதம் ஒருமுறை ஓடும் வெளியீட்டுப் பைப்லைனின் வரலாற்றை வெளியே தள்ளிவிடும். 'ப்ரூன்-பெர்-ரிசோர்ஸை' முதலிலேயே இயக்கிவிடுங்கள்.

பைப்லைன்ரன் போனால் அதன் டாஸ்க்ரன்களும் (அதிலுள்ள தனித்தனி வேலைகளின் ஓட்டங்கள்) பாட்களும் கூடவே போகும். பாட் போனால் லாகும் (ஓட்டத்தின் வெளியீட்டுப் பதிவு) போச்சு. தணிக்கைக்கு வேண்டுமென்றால் முதலில் ஓட்ட வரலாற்றைத் தனியே சேமிக்கும் டெக்டான் ரிசல்ட்ஸை நிறுவி, லாகைத் தனியே சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

வெற்றிக்கும் தோல்விக்கும் தனித்தனி வரம்பு வேண்டுவோருக்கு நிகழ்வு அடிப்படையிலான புதிய ப்ரூனரே சிறந்தது. ஆனால் பழையதை நிறுத்திய பிறகே அதை இயக்க வேண்டும்.