டெலிகிராமில் க்ரைம் தொடர்: எழுதுகிறவன் பக்கத்திலிருந்து

பத்திரிகையில் இடம் கிடைக்காத க்ரைம் எழுத்தாளனுக்கு டெலிகிராம் சேனல் உதவுமா என்று கேட்கிறார்கள். சில வருடங்களாக அதில்தான் வாரம் இரண்டு அத்தியாயம் போட்டு வருகிறேன். உதவும். ஆனால் தொடர்கதைக்கென்று செய்த இடமில்லை அது. கதையைத்தான் அதற்குத் தகுந்தபடி வளைக்க வேண்டும்.

முதலில் நீளம். ஒரு மெசேஜுக்கு 4096 எழுத்து. தாராளமாகத் தெரியும், ஆனால் 'கி' என்பதே இரண்டாகக் கணக்காகும், புள்ளி வைத்த மெய்யும் அப்படித்தான். ஐந்நூறு வார்த்தையை நெருங்கும்போதே இடம் தீர்ந்துவிடும். தாண்டினால் செயலியே துண்டாக்கி அடுத்த மெசேஜில் போட்டுவிடும். அது எங்கே வெட்டும் என்று விட்டுவைக்காமல் நானே வெட்டிக்கொள்கிறேன். லிஃப்ட் கதவு திறப்பது வரை ஒன்று, உள்ளே யார் என்பது அடுத்ததில்.

அப்புறம், புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கடைசிப் பதிவு. குடும்பக் கதைக்குப் பரவாயில்லை. க்ரைமில், கொலையாளி கைவிலங்கோடு நிற்கும் அத்தியாயமே வாசலில் வந்து வரவேற்கும். அதனால் எல்லா அத்தியாயங்களின் லிங்கையும் வரிசையாகப் போட்ட ஒரு பதிவை, சேனலின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வரி சேர்ப்பது சலிப்பான வேலைதான்.

உண்மையான லாபம் கமெண்டில். சேனலோடு ஒரு குரூப்பை இணைத்தால் ஒவ்வொரு பதிவின் கீழும் பேச இடம் திறக்கும். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் தவறாமல் படிக்கிறார். பிணம் கிடைத்த உடனே கொலை வழக்கு ஆகிவிடாது சார், முதலில் சந்தேக மரணம் என்று பதிவாகும், பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு பிரிவை மாற்றுவார்கள் என்று விளக்கினார். சந்தேக மரணத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 194. எனக்கு அந்த இடைவெளிதான் கிடைத்த புதையல். அறிக்கை வருவதற்குள் கொலையாளி சாவகாசமாகத் துக்கம் விசாரிக்க வருகிறான். அதை வைத்தே நான்கு அத்தியாயம் ஓடியது.

யூகம் சொல்கிறவர்கள்தான் தலைவலி. வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து ஸ்பாய்லர் என்று கொடுத்தால் அவை மறைந்து, தொட்டால் மட்டும் தெரியும். அருமையான வசதி, ஆனால் பாதிப் பேர் பயன்படுத்துவதில்லை. "டிரைவர்தான் செஞ்சிருக்கான், எழுதி வச்சுக்கோங்க" என்று ஓர் அக்கா பளிச்சென்று போட்டார். அட்மினாக இருந்தாலும் அடுத்தவர் கமெண்டை நான் திருத்த முடியாது, அழிக்கத்தான் முடியும். அழித்தால் யூகம் சரி என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் விட்டுவிடுவேன். முடிவை முழுதாக எழுதி வைத்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்தையே போடுகிறேன் என்பதால், யார் கண்டுபிடித்தாலும் கொலையாளியை மாற்றும் ஆசை வருவதில்லை.

பதிவின் ஓரத்தில் கண் படத்தோடு வரும் எண்ணை வாசகர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு இடங்களுக்கு ஃபார்வர்டு ஆன பிரதியைப் பார்த்தவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்கள். ஃபார்வர்டு, ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் தடுக்கவும் வழி இருக்கிறது. யாரோ என் தொடரைப் பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விட்டபோது அந்தத் தடையைப் போட்டுப் பார்த்தேன். திருட்டு குறைந்ததோ இல்லையோ, புது வாசகர் வரத்து நின்றுபோனது. எடுத்துவிட்டேன்.

காசு? சேனலில் எனக்கு வந்தது, சிலர் அன்பாக ஜிபே செய்ததுதான். தொடர் முடிந்ததும் அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போடுகிறேன். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசானின் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை விடலாம். ஆகவே முதல் சில அத்தியாயங்களை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழிக்கிறேன். கமெண்டுகளை முன்னதாகவே சேமித்துக்கொள்வேன். போலீஸ்காரர் சொன்னதில் இன்னும் இரண்டு கதைக்குச் சரக்கு இருக்கிறது.